மீனில் வலிப்பு நின்றது என்றால், நின்றது எது?

கேள்வி: கோவைக் குமரன், 3 ஜூன் 2025, இரவு 9.40

மஞ்சள் எண்ணெய் வலிப்பை நிறுத்துகிறது என்று ஐரோப்பாவில் மீனை வைத்து நிரூபித்துவிட்டார்களாம். குடும்ப வாட்சப்பில் சுற்றுகிறது. என் அக்கா பையனுக்கு எட்டு வயது. வலிப்பு மாத்திரை போட்டால் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிகிறான். மாத்திரையை விட்டுவிட்டு மஞ்சளுக்கு மாறலாமா என்று அக்கா கேட்கிறாள். எனக்கு ஒரே சந்தேகம்தான்: மீனுக்கு வலிப்பு வருமா? யாராவது ஆய்வகத்தில் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பதில்: 3 ஜூன், இரவு 10.15

முதலில் மாத்திரை. நிறுத்த வேண்டாம், நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் இடைவிடாமல் அடுத்தடுத்து வந்து ஐ.சி.யு.வில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தூங்கி வழிகிறான் என்பதை அப்படியே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். மீன் கதை அப்புறம்.

நான் மீன் ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தவள். விஞ்ஞானி இல்லை. முட்டை பொறுக்கி, தொட்டி கழுவி, வீடியோவில் மீன்குஞ்சு துள்ளுவதைப் பார்த்து மார்க் போட்டவள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

4 ஜூன், காலை 7.05

வரும். மீனுக்கு வலிப்பு நன்றாகவே வரும்.

அந்த மீன் நம் கொளத்தூர்க் கடைகளில் பையில் கட்டித் தருவார்களே, நீலக் கோடு போட்ட ஜீப்ரா டானியோ, அதேதான். வெளிநாட்டு மீன் என்று நினைக்க வேண்டாம். கங்கைப் படுகையின் ஓடை, வயல், குட்டை மீன். பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவர் 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய புத்தகத்தில் இதைப் பதிவுசெய்தார். ஆய்வகத்தில் மரபணு வேலைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். 1981இல் வந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த மீன் பெரிய ஆளானது.

வலிப்பு ஆராய்ச்சிக்கு இதைக் கொண்டுவந்தவர் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர் ஸ்காட் பராபன். 2005இல் அவர் குழு ஏழு நாள் குஞ்சுகளை பென்டிலீன்டெட்ராசோல் கலந்த தண்ணீரில் விட்டது. வாயில் நுழையாத பெயர். இனி பிடிஇசட் என்றே எழுதுகிறேன். மூளையில் பிரேக் போடும் காபா என்ற சமிக்ஞையை அது தடுத்துவிடும். பிரேக் இல்லாத மூளை என்ன செய்யுமோ அதைக் குஞ்சு செய்தது.

4 ஜூன், இரவு 9.30

“என்ன செய்தது?” என்று கேட்டவருக்கு. நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிக்கு ஒரு குஞ்சு. குஞ்சு என்றால் நான்கு மில்லிமீட்டர்: இரண்டு கறுப்புக் கண், கண்ணாடிபோல் ஒரு வால், அவ்வளவுதான். பைப்பெட்டின் முனையைக் கத்தரித்துவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் நசுங்கிவிடும். சாதாரணமாக அது சும்மா நிற்கும், திடீரென ஒரு துள்ளு, மறுபடி நிற்கும். பிடிஇசட் ஊற்றிய சில நிமிடத்தில் துள்ளல் கூடும். அது முதல் கட்டம். இரண்டாவது கட்டத்தில் குழியின் சுவரை ஒட்டிச் சுழல ஆரம்பிக்கும், கிறுகிறுவென்று, நீர்ச்சுழியில் மாட்டியதுபோல. மூன்றாவதில் தலை முதல் வால்வரை வெட்டி வெட்டி இழுத்து, நிலை தவறி, பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே நிமிரும்.

முதன்முதலாக மூன்றாம் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு என் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கும் வலிப்பு உண்டு. முடிந்த பிறகு அவனும் அப்படித்தான் ஒருக்களித்துக் கிடப்பான்.

4 ஜூன், இரவு 9.50

மேலே ஒருத்தர் “மீன் கையில் சாவி கொடுத்தீர்களா?” என்று கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டேன். அண்ணனுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் வந்தபோது ஆளாளுக்கு இடுப்புச் சாவி, பைக் சாவி, பீரோ சாவி என்று திணித்தார்கள். ஒரு பெரியவர் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பி வாங்க மறந்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்தார். சாவியால் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான வலிப்பு சில நிமிடத்தில் தானே நிற்கும். நிற்கும் நேரத்தில் கையில் சாவி இருந்ததால் சாவிக்குப் பேர். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

5 ஜூன், காலை 6.40

இனிமேல்தான் விஷயம்.

மஞ்சள் ஆய்வு பொய் இல்லை. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகக் குழு 2012இல் வெளியிட்டது. மஞ்சளைச் சாறெடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மீன்குஞ்சில் போட்டுப் பார்த்தார்கள். எந்தப் பகுதியில் பிடிஇசட் துள்ளல் குறைகிறதோ அதை மறுபடி பிரிப்பது. அப்படிப் போய், மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை மட்டும் வைத்து மஞ்சளின் வேலையை விளக்க முடியாது, எண்ணெய்ப் பகுதியில் இருக்கும் டர்மெரோன் வகைப் பொருள்களுக்கும் பங்கு உண்டு என்று காட்டினார்கள். எலியிலும் பார்த்தார்கள். நல்ல வேலை. அவர்கள் யாரும் “மாத்திரையை விடு” என்று எழுதவில்லை. அது வாட்சப்பில் சேர்ந்த சரக்கு.

ஆனால் “மீனில் வலிப்பு குறைந்தது” என்று படித்ததும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எதை அளந்தார்கள்?

பெரும்பாலும் அளப்பது ஓட்டத்தை. தட்டுக்கு மேலே கேமரா. பத்து நிமிடத்தில் குஞ்சு எத்தனை மில்லிமீட்டர் நீந்தியது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பிடிஇசட் போட்டால் எகிறும். சோதிக்கும் மருந்தையும் சேர்த்துப் போட்டால் குறையும். சரி, ஏன் குறைந்தது? வலிப்பு நின்றிருக்கலாம். மயங்கியிருக்கலாம். தசை செயலிழந்திருக்கலாம். செத்தும் போயிருக்கலாம்! செத்த மீன்குஞ்சு அருமையான வலிப்பு மருந்து வேலை செய்ததாகக் கணக்குக் காட்டும். அதனால்தான் கேமரா முடிந்ததும் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒவ்வொன்றாக இதயம் துடிக்கிறதா என்று பார்ப்போம். உடம்பு கண்ணாடி என்பதால் இதயம் தெரியும். அதுதான் இந்த மீனின் பெரிய வசதி.

5 ஜூன், மதியம்

அப்போது உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? மூளையில் மின்சாரம் பார்க்க வேண்டும். நமக்கு இ.இ.ஜி. எடுப்பதுபோலத்தான். ஆனால் நான்கு மில்லிமீட்டர் உயிருக்கு.

ஆறினால் ஜெல்லிபோல் உறையும் இளஞ்சூடான அகரோஸ் குழம்பில் குஞ்சை விட்டு, அது உறைவதற்குள் மெல்லிய ஊசியால் முதுகு மேலே வரும்படி திருப்பிவிட வேண்டும். சில நொடிதான் அவகாசம். கொஞ்சம் சாய்ந்து உறைந்துவிட்டால் தோண்டி எடுத்து மறுபடி. தசை அசையாதிருக்க க்யூராரே வகை மருந்து. பிறகு தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி முனையைப் பார்வைக்குரிய நடுமூளைப் பகுதியில் இறக்குவார்கள். அடங்கிய மூளையில் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக ஓடும். பிடிஇசட் போனதும் முதலில் சின்னச் சின்னக் கூர் முனைகள், அப்புறம் ஒரு பெரிய வெடிப்பு, பல நொடிகள் நீளும். உடம்பு அசையவே இல்லை, மூளை மட்டும் வலிப்பில் இருக்கும். அதைத் திரையில் பார்க்கும்போதுதான் “ஓட்டம்” வேறு, “வலிப்பு” வேறு என்பது மண்டையில் ஏறும்.

ஏ.சி. ஓடினாலே கோட்டில் இரைச்சல் வரும். வேர்த்து ஒழுக ஒழுக உட்கார்ந்திருப்போம். எல்லோரும் கேமராவோடு நிறுத்திக்கொள்ள ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5 ஜூன், இரவு

குமரன் தம்பி, நீங்கள் மறுபடி கேட்டது: “பிடிஇசட்டால் வருவதும் என் அக்கா பையனுக்கு வருவதும் ஒன்றா?”

இல்லை. மூக்கில் மிளகாய்ப்பொடி போட்டால் யாருக்கும் தும்மல் வரும், அதை வைத்து அவருக்குச் சைனஸ் என்று சொல்ல முடியாது. நல்ல மூளையிலும் பிடிஇசட் வலிப்பை வரவழைக்கும். 1930களில் ஹங்கேரியில் லாடிஸ்லாஸ் மெடூனா மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவைத்துச் சிகிச்சை பார்த்தாரே, அதற்கு அவர் பிடித்துக்கொண்டது இந்த மருந்தைத்தான். வலிப்பு நோய் என்பது எந்தத் தூண்டுதலும் இல்லாமல் மூளையே திரும்பத் திரும்ப அந்தப் பாதையில் போவது.

இதில் ஒரு வேடிக்கை. அண்ணன் சாப்பிடுவது லெவிடிராசிட்டம். இன்று உலகம் முழுக்க எழுதித் தரும் மாத்திரை. எலிக்கு பிடிஇசட் ஊசி போட்டோ மின் அதிர்ச்சி கொடுத்தோ செய்யும் வழக்கமான பரீட்சைகள் இரண்டிலும் அது தேறவில்லை. சத்தம் கேட்டால் வலிப்பு வரும் பிறவி எலிகளிலும், சிறுகச் சிறுகத் தூண்டி வலிப்புக்குப் பழக்கிய எலிகளிலும்தான் வேலை செய்தது. 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பழைய பரீட்சையை மட்டும் நம்பியிருந்தால் அந்த மாத்திரை குப்பைத்தொட்டியில். ஆக, பிடிஇசட்டில் தேறியதெல்லாம் மருந்தும் இல்லை, தோற்றதெல்லாம் வீணும் இல்லை.

7 ஜூன், காலை 8.20

நேற்று முழுக்க வேறு வேலை. யாரோ “அப்படியென்றால் மீனே வேண்டாம் என்கிறீர்களா அக்கா” என்று கோபப்பட்டிருக்கிறார். இல்லவே இல்லை. மீன் நன்றாக வேலை செய்த இடத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

டிராவே நோய் என்று ஒன்று. பிரான்சில் சார்லட் டிராவே 1978இல் விவரித்தது. முதல் வயதிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு, வலிப்பு தொடங்கும். மாத்திரைக்கு அடங்காது. வளர்ச்சியும் பின்தங்கும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் எஸ்சிஎன்1ஏ என்ற ஒரே மரபணுவில் கோளாறு. அது நரம்பணுவின் சோடியம் வாயில் ஒன்றுக்கான மரபணு. அந்த வாயில் முக்கியமாக பிரேக் போடும் அணுக்களில் வேலை செய்கிறது. அதனால்தான் சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமசெபைன் போன்ற மாத்திரைகள் இந்தக் குழந்தைகளுக்கு நிலைமையை மோசமாக்கும். பிரேக் ஏற்கெனவே பழுது, அதையும் பிடுங்கிவிடுகின்றன.

இதே மரபணு பழுதான மீன் கிடைத்தது. இங்கே பிடிஇசட் தேவையில்லை. பிறந்த சில நாளிலேயே தானாக வலிப்பு. குஞ்சு பார்க்கக் கறுத்திருக்கும், காற்றுப்பை நிரம்பாது, இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். டிராவே குழந்தைகளுக்கு உதவும் வால்ப்ரோயேட், ஸ்டிரிபென்டால் எல்லாம் இந்த மீனுக்கும் உதவின. அதுதான் என்னைக் கவர்ந்தது. நோய் மட்டுமில்லை, மருந்துக்குக் காட்டும் குணமும் ஒத்துப்போனது.

2013இல் பராபன் குழு 320 மருந்துகளை இந்த மீனில் போட்டுப் பார்த்தது. முதலில் கேமரா, அதில் தேறியவற்றுக்கு மூளையில் இறக்கும் மின்முனை. நான் மேலே சொன்ன இரட்டைச் சோதனைதான். கேமராவில் தேறியவற்றில் சில வெறும் நஞ்சு. கடைசியில் நின்றது கிளெமிசோல், 1950களின் பழைய அலர்ஜி மாத்திரை. யாரும் எதிர்பார்க்கவில்லை. அலர்ஜியை அடக்கும் குணத்தால் அல்ல, மூளையின் இன்னொரு சமிக்ஞைப் பொருளான செரோட்டோனின் வழியாக வேலை செய்கிறது என்று 2017இல் அதே குழு காட்டியது. அந்த வழியைப் பிடித்து, ஏற்கெனவே கடையில் இருந்த லோர்காசெரின் என்ற உடல் எடைக் குறைப்பு மாத்திரையை டிராவே குழந்தைகள் ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2020இல் புற்றுநோய்ச் சந்தேகத்தால் அந்த மாத்திரை அமெரிக்கச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது. கிளெமிசோல் இப்போது மனிதர்களில் மூன்றாம் கட்டச் சோதனைவரை போயிருக்கிறது.

கணக்குப் போடுங்கள். மீனில் தேறிப் பன்னிரண்டு வருடம். இன்னும் மருந்துக்கடையில் இல்லை.

7 ஜூன், காலை 9.00

ஒன்று விட்டுப்போனது. செரோட்டோனின் வழியை மீன் மட்டும் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். ஃபென்ஃப்ளூரமைன் என்று இன்னொரு எடைக் குறைப்பு மருந்து. இதய வால்வைக் கெடுத்ததால் 1997இல் சந்தையை விட்டுப் போனது. அதையே சின்ன அளவில் டிராவே குழந்தைகளுக்குக் கொடுத்துப் பெல்ஜிய டாக்டர்கள் பல வருடம் கவனித்துவந்தார்கள். 2020இல் டிராவே நோய்க்காகவே அமெரிக்காவில் அனுமதி பெற்றுத் திரும்பி வந்தது. மீனிலும் அது வேலை செய்கிறது என்று லூவன் குழு 2015இல் காட்டியது. இங்கே மனிதன் முந்தி, மீன் பிந்தி. எனக்கு இது மீனின் மேல் நம்பிக்கையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

8 ஜூன், இரவு 11.10

தூக்கம் வரவில்லை, இன்னொரு யோசனை. டிராவே கதையை எழுதியதில் எல்லா மரபணு வலிப்புக்கும் மீன் கிடைத்துவிடும் என்ற தோரணை வந்துவிட்டதோ?

அப்படி இல்லை. அதே பராபன் குழு குழந்தைகளின் கடும் வலிப்போடு தொடர்புள்ள மரபணுக்களை ஒவ்வொன்றாக வெட்டி நாற்பது வகை மீன்களை உருவாக்கியது. 2021இல் முடிவு வந்தது. மின்முனையில் வலிப்பு காட்டியவை எட்டே எட்டு. மீதியில் அப்படி வலிப்பு தெரியவில்லை. தோல்வியை மறைக்காமல் எழுதியதற்கே ஒரு கும்பிடு.

ஏன் அப்படி? ஒரு காரணம், இந்த வகை மீன்களின் மூதாதை தன் மரபணுத் தொகுதி முழுவதையும் ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டது. பல மரபணுக்களுக்கு மீனிடம் இரண்டு பிரதி. ஒன்றைக் கெடுத்தால் இன்னொன்று சமாளிக்கும். எஸ்சிஎன்1ஏக்கே இரண்டு உண்டு. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு மீனில் இணை இருக்கிறது என்ற 2013ஆம் ஆண்டுக் கணக்கை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். இணை இருப்பது வேறு, அதைக் கெடுத்தால் அதே நோய் வருவது வேறு.

இன்னொன்று, மரபணுவை வெட்டாமல் மார்ஃபோலினோ என்ற பொருளை முட்டைக்குள் செலுத்தி அதை ஊமையாக்கும் பழைய முறை. அதில் தெரிந்த கோளாறுகளில் பெரும்பகுதி, மரபணுவையே வெட்டிய மீன்களில் தெரியவில்லை என்று 2015இல் ஒரு ஒப்பீடு வந்தது. ஆய்வகத்தில் அன்று பல முகங்கள் தொங்கிப்போயின. அதற்கு முந்தைய வலிப்பு மீன் கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த முறை என்று பார்த்துவிடுவேன்.

9 ஜூன், காலை

“மீனுக்கு நம் மூளை எங்கே இருக்கிறது?” என்ற கேள்வி. நம் மூளையின் வெளி அடுக்கான, மடிப்பு மடிப்பான புறணி அதற்கு இல்லை. ஆகவே புறணியின் ஒரு மூலையில் தொடங்கும் வலிப்பை அதில் தேடிப் பயனில்லை. மூளையின் பக்கவாட்டில், நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியில், வருடக்கணக்கில் தழும்பு கட்டி உருவாகும் பொட்டுமடல் வலிப்பையும் ஏழு நாள் குஞ்சு காட்டாது. வளர்ந்த மீனை எடுத்தால் வேறு தலைவலி: மூளையில் அடிபட்டால் அது புது நரம்பணுக்களை முளைக்கவிட்டுச் சரிசெய்துகொள்ளும். பொறாமையாக இருக்கும்.

ஆனால் வேறு எந்த விலங்கிலும் இவ்வளவு எளிதில் காண முடியாத ஒன்றை மீன் காட்டும். நரம்பணு வேலை செய்யும்போது ஒளிரும்படி மரபணு மாற்றிய குஞ்சில் முழு மூளையையும் ஒரே நேரத்தில், உயிரோடு, பார்க்கலாம். நார்வேயில் டிரோன்ஹைம் குழு 2019இல் பார்த்தது இது: வலிப்பு மூளை முழுக்கப் பரவுவதற்குச் சற்று முன்னால் நரம்பணுக்கள் அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் கிளையா அணுக்கள்தான் ஊர் முழுக்க ஒரே தாளத்தில் எழும்புகின்றன. பிறகுதான் நரம்பணுக்கள் மொத்தமாகப் பற்றிக்கொள்கின்றன. அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. வெறும் ‘ஒட்டுப் பசை’ என்று ஒதுக்கிய அணுக்கள்! மருந்து தேடுவதைவிட இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் மீன் அதிகம் பொருத்தம் என்பது என் கட்சி.

9 ஜூன், மாலை

பாவம் இல்லையா என்று கேட்டவருக்கு: எனக்கும் உறுத்தும். ஐரோப்பியச் சட்டத்தில் தானாக இரை தேடத் தொடங்கிய குஞ்சுதான் சோதனை விலங்குக் கணக்கில் வரும். பொதுவாக ஐந்தாம் நாள் எல்லை. அதுவரை மஞ்சள்கரு வயிற்றில் இருக்கும். முடிந்ததும் மயக்க மருந்தை அதிக அளவில் கொடுத்துத்தான் முடிப்போம். கணக்கு ஐந்தாம் நாள் என்கிறது. மூன்றாம் கட்டத்தில் சாய்ந்து கிடக்கும் குஞ்சைப் பார்த்தவருக்கு நான்காம் நாளும் ஆறாம் நாளும் வேறாகத் தெரியாது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

10 ஜூன், காலை 7.30

“அப்படியானால் பாலில் எத்தனை ஸ்பூன் மஞ்சள்?” குமரன் தம்பி, அக்கா விடமாட்டார் போலிருக்கிறது.

குஞ்சு மருந்தைக் குடிப்பதில்லை. மருந்துத் தண்ணீரிலேயே கிடக்கிறது. தோல், செவுள் வழியாக உள்ளே போகிறது. மூளைக்கு முன்னால் நிற்கும் ரத்தத் தடுப்பும் அந்த வயதில் இன்னும் இறுகிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரில் எவ்வளவு என்பது தெரியும், மூளைக்குள் எவ்வளவு என்பதைத் தனியாக அளந்தால்தான் தெரியும். அந்தக் கணக்கை ஸ்பூனாக மாற்ற வழியே இல்லை. குழம்பில் போடும் மஞ்சள் போடட்டும், ருசிக்கும் நிறத்துக்கும். மாத்திரை வேளைக்கு வேளை.

10 ஜூன், இரவு 8.45

பையனுக்கு மாலை மாத்திரையின் அளவை மாற்றித் தந்திருக்கிறார்கள் என்று குமரன் எழுதியிருக்கிறார். நல்லது. எப்படி இருக்கிறான் என்று பிறகு சொல்லுங்கள்.

12 ஜூன், இரவு

கடைசியாகக் கேட்டவருக்கு: உங்கள் தொட்டி டானியோ சுற்றிச் சுற்றி நீந்திச் சாய்வது வலிப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தண்ணீர் மாற்றிய அன்றே தொடங்கியது என்கிறீர்கள். குழாய்த் தண்ணீரா? குளோரின் போக மருந்து விட்டீர்களா? முதலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள், சோதனைக் கிட் மீன் கடையிலேயே கிடைக்கும். குளோரின் நீக்கிய தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள். தீனியை ஒரு நாள் நிறுத்துங்கள். மஞ்சள் வேண்டாம்.